சொம்னியாத்தோர்

தை 10, திங்கள்
காலையில் நல்ல பனி. பள்ளியில் பதினோரு பிள்ளைகள்தான். மற்றதெல்லாம் அறுப்புக்கு.

வெள்ளிக்கிழமை நன்னிலம் தாலுகா ஆபீசில் விசாரணை. தோப்போரம் இருக்கும் எங்கள் ஒன்பது வீடுகளையும் காலி செய்யச் சொல்லி பண்ணையார் மனு. யார் பேசுவது? தெருவே கூடி இவரைக் கை காட்டிவிட்டது. பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா: "உன் வீட்டுக்காரருக்கு சாமியாரே லத்தீன்ல எழுதிக் குடுத்திருக்காரு. வேற யாரு பேசுறது?"

தஞ்சாவூர் ஹாஸ்டலில் படித்தபோது இவர் ரிப்போர்ட் கார்டில் பாதிரியார் எழுதிய ஒரே சொல்: சொம்னியாத்தோர். பேச்சாளன் என்று அர்த்தமாம். கூடப் படித்தவன் சொன்னது.

தை 12, புதன்
தஞ்சாவூரில் ஆசிரியர் கூட்டம். சாக்பீஸ் வாங்கியாச்சு. மண்ணெண்ணெய் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியாஸ்திரி டீச்சரிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். சிரித்தார்கள். "வேலை செய்யாம உக்காந்து கனா காண்றவன். யாரைச் சொன்னாங்க?" யாரையோ என்றேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. வெள்ளிவரை சொல்லாமல் இருந்தால் என்ன?

தை 13, வியாழன்
முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து இவரே கேட்டார். சொல்லிவிட்டேன். விளக்குத் திரியை இறக்கினார். பிறகு:

"தப்பா எழுதல. கிளாஸ்ல ஜன்னலையேதான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"அப்படி என்ன பாத்தீங்க?"

"நெல்லு வண்டியோட வர்ற நாள்ல அப்பா கேட்டுக்கு வெளியில நிப்பாரு. உள்ள விடமாட்டாங்க. மணி அடிக்கிறதுக்குள்ள போயிடுவாரோன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

"சாமியார்கிட்ட சொல்லலையா?"

"அவரு கேக்கல."

கொஞ்சம் கழித்து, நாளைக்கு வேற யாரையாவது போகச் சொல்லு என்றார். நீங்கதான் போறீங்க என்றேன். சத்தமாகவே.

தை 14, வெள்ளி
லீவு போட்டு நானும் போனேன். பண்ணையாரின் காரியக்காரர் நாற்காலியில். நாங்கள் தெருக்காரர்கள் சுவரோரம் நின்றோம்.

இவருக்கு முதலில் நாக்கு புரளவில்லை. காரியக்காரர்: "பேசத் தெரியாதவனையா கூட்டிட்டு வந்தீங்க?"

அப்புறம் ஆரம்பித்தார். வீடு வீடாக. எந்த வீட்டில் யார் பிறந்தது, எந்தப் புயலில் எந்தக் கூரை போனது, எந்தச் சுவருக்கு யார் மண் மிதித்தது. கையில் ஒரு காகிதம் இல்லை. அஞ்சலையக்கா தன் குழந்தையைப் புதைத்த இடம்வரை சொன்னார். அக்கா அழவில்லை. நிமிர்ந்து நின்றார். இதையெல்லாம் இவர் எப்போது பார்த்து வைத்தார்? எனக்கே தெரியாது.

காரியக்காரர் குறுக்கிட்டார். தாசில்தார் கையமர்த்தி, கிளார்க்கிடம், "அவர் சொல்றதை எழுதுங்க."

நிலத்தை அளந்து முடிக்கும்வரை யாரும் காலி செய்ய வேண்டாம் என்று உத்தரவு.

வெளியே டீக்கடை. முதல் கிளாஸை இவர் என்னிடம் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், எல்லார் முன்னாலும்.