கோதுமை படாத கிண்ணம்

தலவில
18.10.2018

அன்பு மகள் சுதர்சினிக்கு,

புனித அன்னம்மாள் காவலில் நானும் அப்பாவும் தம்பி கிளைட்டனும் சுகம். நீ மிலானில் வயிற்றுக் குத்து இல்லாமல் எழும்பி வேலைக்குப் போகிறாய் என்ற செய்தி ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதி, அங்கே வருகிற அமல்ராஜ் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

மகள், போன மாதம் உன்னை நான் ஏசியது பிழை. நீ கோயிலுக்குப் போயும் நற்கருணை நன்மை வாங்க எழும்பாமல் வாங்கிலேயே இருந்துவிடுகிறாய் என்று அங்குள்ள ஷானிகா மாமி சொன்னதும், பிள்ளை என்ன பாவத்தில் விழுந்தாளோ என்று பயந்து வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். நீயோ அழாமல், "அம்மா, அந்த அப்பமும் கோதுமைதான். வாங்கினா மூண்டு நாள் எழும்பேலாது" என்றாய். கோதுமை பட்டாலே குடலைக் கெடுக்கிற சீலியாக் என்ற வருத்தத்தின் பெயரையே அன்றுதான் கேட்டேன். இரண்டு வருடமாக நீ மெலிந்து, தலைமயிர் கொட்டி, சோர்ந்து கிடந்தபோது கோதுமைப் பாண் சாப்பிடு தெம்பு வரும் என்று சொன்னவள் நான். கோதுமை மாவில் பலகாரம் சுட்டு அனுப்பியவளும் நான்தான், அம்மா அனுப்பியது என்று நீ அதைத் தின்று தின்று படுத்திருக்கிறாய். நினைக்க நெஞ்சு எரிகிறது.

மறுநாளே நம் பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை இருத்தி, "திராட்சை இரசத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான் அம்மா. அப்பத்துண்டு போடாத தனிக் கிண்ணத்தில தரச் சொல்லுங்கோ. கோதுமைச் சத்து நல்லாக் குறைஞ்ச அப்பமும் இருக்கு, டொக்டரிட்டக் கேட்டுப் பாக்கட்டும்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் பூசைக்கு முன்னமே போய் உன் கோயில் சுவாமியிடம் சொல்லு மகள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மீன் தின்னலாந்தானே?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. நீ மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு வரும்போது பயமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று இடியப்பத்துக்கும் புட்டுக்கும் கோதுமை மா கலக்கிறதை விட்டுவிட்டேன். அரிசி அரைக்கிற மில்லில் கோதுமையும் அரைப்பதால் மில்லுக்காரி பளீலாவிடம் விசயத்தைச் சொன்னேன், "ஒங்கட புள்ளைக்கிண்டா அந்த மெசின் வேணாம், நானே ஒரல்ல இடிச்சித் தாறன்" என்கிறாள். சோயா சோஸிலும் பெருங்காயத்திலும் கோதுமை இருக்குமாம், பார்த்து வாங்கு. வேலை செய்கிற வீட்டில் ஒரு துண்டு என்ன செய்யும் என்று நீட்டினால் வாங்காதே, அவர்கள் பாண் வெட்டுகிற பலகையிலும் உன் சாப்பாட்டை வைக்காதே.

இது குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்று உன் டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். எனக்கும் கன காலமாக உடம்பில் இரத்தம் காணாது, வயிறு ஊதும், வயசு என்று விட்டிருந்தேன். திங்கட்கிழமை நானும் கிளைட்டனும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்கும் இருந்தால் நான் அழமாட்டேன் மகள். நீ வரும்போது நம் இரண்டு பேருக்கும் ஒரே பானையில் வடிப்பேன், இந்த வீட்டில் நீ தனியாக இருந்து சாப்பிட மாட்டாய்.

அன்னம்மாள் உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போ.

உன்னை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கும்,
அம்மா
மக்தலேனா