மோட்டார்னா மோட்டார்தான்

துபாய், 12-9-88

அன்புள்ள அசீசுன்னிசா அக்காவுக்குத் தம்பி சிராஜுதீனின் சலாம். நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதன் வயிற்றில் ஹார்டு டிஸ்க் என்று ஒரு தட்டு சுழலும்; கம்பெனி விவரம் மொத்தமும், என் லீவு உட்பட, அதில்தான்! தட்டு சுழலவில்லை. ஏழு தேசத்து இன்ஜினியர்கள் கையை விரித்தார்கள்.

நான் காதை வைத்துக் கேட்டேன். நம் ஊரில் நான் ரிப்பேர் பார்த்த பம்புசெட்டுகள் சிக்கிக்கொண்டு முனகும் அதே சத்தம்!

"சுவிட்சப் போடுடா, கையால ஒரு வெட்டு வெட்டித் திருப்புறேன்" என்றேன்.

"இன்னா மாமா, இது உன் பம்புசெட்டா?" என்றான் ஆபரேட்டர் தனசேகரன், நம்ம பனமலைக்காரன்.

"மோட்டார்னா மோட்டார்தாண்டா!"

டிஸ்க் பெட்டியைக் கையில் பிடித்து வெடுக்கென்று திருப்பினேன். உள்ளே தட்டு விர்ரென்று ஓடியது! அது மறுபடி நிற்பதற்குள் தனசேகரன் எல்லாவற்றையும் நாற்பது பிளாப்பித் தட்டுகளில் நகல் எடுத்துவிட்டான். மேனேஜர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறைதான்.

முதலில் அச்சாகி வந்தது என் லீவுத் தாள். உன் மகள் முன்னி கல்யாணத்துக்கு வருகிறேன், அக்கா!

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து நில்லுங்கள். இங்கே மூன்று வருஷமாக எனக்காக யாரும் காத்து நின்றதில்லை.

தனசேகரன் தபால் போடக் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன்.

சிராஜு