இயந்திரத்துக்கு ஓய்வு தேவை

ஜூன் 8, ஞாயிறு
ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாளாகிறது. அதைப் போட்டுவிட்டுப் போனால், திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. இன்று பென்டிரைவைச் செருகி, பழையதை எல்லாம் அழித்து, லினக்ஸ் ஏற்றிவிட்டேன். மொழி தமிழ். யாரையும் கேட்கவில்லை, நானே செய்தேன்!

23ஆம் தேதி டெஸ்ட். எங்கள் பனியன் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் வரையும் வேலைக்கு ஒரே ஓர் இடம். எட்டு வருஷம் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்று நின்று கால் வீங்கிப்போச்சு. அந்த நாற்காலி எனக்கு வேணும். அவ்வளவுதான்.

ஜூன் 9
கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவதில் என்னைவிட வீட்டுக்காரருக்குத்தான் சந்தோஷம். கட்டிங் வேலை முடிந்து வந்ததும் சீட்டாட்டத்தைத் திறந்தவர், மூன்று மணி நேரம் நகரவில்லை. நான் பழக வேண்டும் என்றால், "இந்த ஒரு ஆட்டம் புள்ள" என்கிறார். எத்தனை ஒன்று?

ஜூன் 10
அவருக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்துவிட்டேன் — குழந்தைக் கணக்கு. பெயர் அருள்செல்வன், வயது ஒன்பது. தினம் ஒரு மணி நேரம். முடிந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். அப்போது வருகிற வாசகத்தையும் மாற்றினேன்: "இயந்திரத்துக்கு ஓய்வு தேவை. நாளை வருக."

என் பாஸ்வேர்டு மறந்துபோனால் உதவ ஒரு குறிப்பு கேட்டது. 'முதலில் பார்த்த இடம்' என்று போட்டேன். இவர் பெண் பார்க்க வந்த எங்கள் வீட்டைத்தான் நினைப்பார். அதற்கு இரண்டு மாதம் முன்பே பெருமாநல்லூர் பஸ்ஸில் என் காலை மிதித்துவிட்டு "மன்னிச்சுக்குங்க" என்றது அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? பாஸ்வேர்டு அந்த பஸ்தான்.

ஜூன் 11
பலித்துவிட்டது! வாசகத்தைப் படித்துவிட்டு, "சூடாயிருச்சாட்ட இருக்குது புள்ள" என்றார். அவர் துணி வெட்டுகிற மிஷினும் அப்படித்தானாம். நான் மூஞ்சியை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 13
ஐயோ. டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். "பாவம், அதுக்கும் காத்து வேணுமல்லோ?" நான் உட்கார்ந்து படிக்கும்போதும் காற்று அதற்குத்தான். வேர்த்து ஊற்றுகிறது. வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. நானே தேடிக்கொண்டது.

ஜூன் 17
சமையல் முடியும் முன்பே ஆட்டத்தை விட்டு எழுந்து வந்துவிட்டார். மிஷின் ஓய்வு கேட்டதாம். இன்று சீக்கிரம் ஆரம்பித்திருப்பார். எனக்கு லாபம்.

ஜூன் 22
நாளை டெஸ்ட். இவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா?

ஜூன் 23
டெஸ்ட் முடிந்தது. கழுத்து வளைவை இரண்டு தடவை போட்டேன். மற்றதெல்லாம் ஒரே தடவை.

ஜூன் 26
இடம் எனக்குத்தான்! மேனேஜர் சித்ராதேவி அக்கா கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலிருந்து உக்காந்து வேலை பாருங்க மைதிலி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, இவரைப் பெரிய மனுஷனாக்கிவிடலாம் என்று அமைப்புகளைத் திறந்தேன். நான் போட்ட ஒரு மணி அங்கே இல்லை. அரை மணி என்று இருக்கிறது. என் பாஸ்வேர்டு இல்லாமல் அதை மாற்றவே முடியாது. கீழே பார்த்தால் வயதும் ஒன்பதிலிருந்து பத்தாகியிருக்கிறது.

அப்படீன்னா பெருமாநல்லூர் பஸ் அவருக்கு ஞாபகம் இருக்குதா? — அப்படீன்னா அந்த ஃபேன்?

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாப் பூட்டையும் எடுத்தேன்.

சீட்டாட உட்கார்ந்தவர் ஒரு மணி தாண்டியதும் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இன்னைக்கு மிஷினு ஓய்வே கேக்கலையே?"

"பழகிருச்சாட்ட இருக்குதுங்க" என்றேன்.

கள்ளன், முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எழுந்து வந்து டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.