விட்டுப்போன எட்டு மைல்

ஆல்டர் க்ரீக், நெப்ராஸ்கா
மே 19

அன்புள்ள மாரிட்,

அலாஸ்காவில் இப்போதாவது பனி உருகியிருக்கும், உன் இருமலும் அதோடு போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம்தான், ஆனால் மழை விட்டபாடில்லை, சோளம் விதைக்க முடியாமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறார். நீ அனுப்பிய சால்மன் மீன் வந்து சேர்ந்தது. ஒரு டப்பாவை நாய்க்குக் கொடுத்தது அவர்தான், நான் இல்லை.

போன வாரம் போனில், சைக்கிள் பந்தயம் எப்படிப் போயிற்று என்று கேட்டாய். நன்றாகப் போயிற்று என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. ஐந்து வருடமாக ஏன் போகவில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் முழங்கால் வலி என்று சொன்னதும் உண்மை இல்லை. நீ பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது நான் ஓட்டினேனே, அன்று எங்கெங்கே திரும்ப வேண்டும் என்று எழுதிய வழிச்சீட்டுகள் மழையில் நனைந்து இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. நான் இரண்டையும் சேர்த்துப் புரட்டிவிட்டேன். ஆற்றங்கரையைச் சுற்றி வரும் எட்டு மைல் மண்பாதை அப்படியே விட்டுப்போயிற்று. ஊர்த் தண்ணீர்த்தொட்டி தெரிந்தபோதுதான் சைக்கிள் மீட்டரைப் பார்த்தேன், எண்பது மைல் இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு. திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் நீ சாலையோரம் செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாய், "அம்மா, விடாதம்மா, இன்னும் கொஞ்சந்தான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. நான் நிற்கவில்லை. முடிவுக் கோட்டில், பந்தயத்தை நடத்தும் வெர்லின் கை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

தீவனக்கடை வெர்லின் நடத்தும் பந்தயம் எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். கட்டணம் கிடையாது, ஜனவரியில் ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும். பரிசும் கிடையாது, முழுத் தூரத்தையும் முடித்தவரின் கையை அவர் குலுக்குவார், நோட்டில் பெயர் எழுதுவார். வழியில் கண்காணிக்க ஒருவரும் இல்லை. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று யாராவது ஆரம்பித்தால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பவள் நான். ஆனாலும், கல்லூரியில் அடுத்தவனைப் பார்த்து எழுதிய மாணவனுக்குப் பூஜ்யம் போடும்போதெல்லாம் அந்தக் கைகுலுக்கல் நினைவுக்கு வந்தது. இந்த ஜனவரியில் அட்டை போட்டுவிட்டேன்.

பந்தயம் தொடங்கும் இடத்தில் வெர்லினின் மனைவி ஜோலீன் என்னைப் பார்த்ததும், "எங்கடி போயிட்ட இத்தன வருஷம்? உன் பங்கு இலவங்கப்பட்ட ரோலயெல்லாம் இந்த மனுஷன் தின்னு, தொப்பையப் பாரு!" என்று புருஷனைக் காட்டினாள். வெர்லின் அசராமல், "புரொஃபசரம்மா, சேறு முழங்கால் வரைக்கும் இருக்கு, கார் சாவிய யார்கிட்டயாவது குடுத்து வச்சுக்குங்க, பாதியில வந்து கூட்டிட்டு வர வேண்டியிருக்கும்" என்றார். ஆற்றங்கரைப் பாதையில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சக்கரம் சுழலவே இல்லை, இதற்கென்றே எடுத்துப்போன பெயிண்ட் கலக்கும் குச்சியால் சேற்றைச் சுரண்டுவதும் பத்தடி நடப்பதுமாக, கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டேன். எட்டு மைலுக்கு மூன்று மணி நேரம். பாதியில் உட்கார்ந்து அழுதேன், இதை அப்பாவிடம் சொல்லாதே.

நான் வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி, எல்லாருக்கும் கடைசி. இருபது பேர் போல மடக்கு நாற்காலிகளில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்குப் போகவில்லை. வெர்லின் கையை நீட்டினார். நான் நீட்டவில்லை. அத்தனை பேர் முன்னால் அன்று எட்டு மைல் விட்டுப்போனதைச் சொன்னேன். வெர்லின் நோட்டை எடுத்து ஐந்து வருடம் பின்னால் புரட்டி என் பெயரைத் தேடிப் பிடித்துக் கோடு போட்டு அடித்தார். ஜோலீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, அவளே வாயத் தொறந்து சொல்லியிருக்கா, இப்பவே அடிக்கணுமா?" என்றாள். "அவ சொன்னதுக்கு மரியாத இதுதான். சும்மா தட்டிக்குடுத்து அனுப்பவா மூணு மணி நேரம் சேத்துல கிடந்திருக்கா?" என்றார் அவர். பிறகு இந்த வருடப் பக்கத்தில் கடைசியாக என் பெயரை எழுதிவிட்டுக் கை குலுக்கினார். பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்துக்கு நான் மறுபடி போயிருக்க மாட்டேன். அடுத்த வருடமும் போவேன்.

அவரிடம் சொன்னதைவிட உன்னிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. அன்று ஏமாந்தது அவருடைய நோட்டு இல்லை, நீதான். இதைப் படித்த வேகத்தில் போன் செய்து, அதனாலென்ன அம்மா என்று சொல்லிவிடாதே. நீ அப்படித்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் வைத்திருந்து, கோபம் இருந்தால் கோபத்தையே எழுது.

வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருத்துவரைப் பார். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சொல்வெய்க்