மூலை வீட்டுக்குப் போன மழை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், முக்கியமாகக் கால் நனையாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தியும் அந்த மேட்டு ஊரில் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊர்களில் இனி மழை நாள் குறையும், பெய்தால் மொத்தமாகக் கொட்டும், ராத்திரியில்கூடச் சூடு இறங்காது என்று ஆபீஸில் கணக்குப் போட்டு ஒரு படம் அனுப்பினாயே, அது அச்சு அசலாகப் பலித்துவிட்டது. மாதக்கணக்கில் வானம் வாயே திறக்கவில்லை, போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டு, பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியதைச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாளே பழையபடி புழுக்கம். அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது, கையில் விசிறியோடு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, நம்ம பையன் அப்பவே சொன்னான் பாத்தியா என்று வேர்க்க வேர்க்கப் பெருமைப்படுகிறார். மகன் கணக்குப்படி வேர்ப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நீ சொன்னபடி ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினோமே, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் உன் அப்பா சும்மா இருப்பாரா, அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், என் பையனே சொல்லிட்டான், நீங்களும் தூக்கிடுங்க என்று சொல்லி வைத்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் நம்மைவிட ஒரு வரிசைச் செங்கல் கூட வைத்துத் தூக்கினார், அதைப் பொறுக்காமல் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு மானேஜர் அவரைவிட ஒரு வரிசை. ரோடு போடுகிறவர்களும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுத் தங்கள் பங்கைச் செய்தார்கள். இப்போது தெருவே எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கிறது. அப்பாவுக்கு மூட்டு வலி, புதுப் படி ஏறி வருவதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது, அதற்காகக் கௌரவத்தை விட முடியுமா.

இத்தனை வீடும் தள்ளிவிட்ட தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டுமே கண்ணா, அது உன் படத்தில் இல்லை. அது மூலை வீட்டுக்குப் போனது. நீ வாங்கித் தையல்காரம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாயே, அந்த வீட்டுக்கு. அதையும் சேர்த்துத் தூக்கிடலாம்டா என்று அப்பா கேட்டதற்கு, எப்படியும் இடிக்கப்போற வீடு, அதுக்கு எதுக்கு தண்டச் செலவு என்று நீதானே சொன்னாய். ஊர் உலகத்துக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுகிற பிள்ளைக்கு நம் தெரு முனை மட்டும் கண்ணில் படவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதென்று அவள் சீருடைகளைத் தைத்து அடுக்கி வைத்திருந்தாள். மழை விட்டதும் நான் தண்ணீரில் தட்டுத் தடுமாறிப் போய்ப் பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் மிஷின் மோட்டாரை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைச் சட்டையெல்லாம் நீலப் பாவாடையின் சாயம் ஏறி மிதக்கிறது. அவள் அழக்கூட இல்லை, ஓனர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, காலி பண்ணச் சொல்லிடுவாரு என்று என்னிடமே கெஞ்சுகிறாள். ஓனராம்! நான் பெற்று வளர்த்த ஓனர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது உன் நல்ல நேரம். ஆத்திரத்தைவிட வெட்கமாக இருந்ததுடா.

அன்றைக்கே அவளை மிஷினோடு நம் வீட்டுக்குக் கூட்டி வந்து உன் அறையைக் கொடுத்துவிட்டேன். நீ வாங்கிய பரிசுக் கோப்பைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று, தைக்க வெளிச்சம் வேண்டுமே, உன் கட்டிலையும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தியாயிற்று. பையன் லீவுக்கு வந்தா எங்க படுப்பான் என்று அப்பா முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான். அறையைச் சுத்தம் பண்ணி வைம்மா என்று நீயும் போனில் சொல்லியிருந்தாய்.

அதனால் மூலை வீட்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சொந்த வீடு, மூன்று பேரும் தாராளமாகத் தங்கலாம். நீ வருவதும் மழைக்காலத்தில்தான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பேத்தியை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க மனம் வராது, அவள் தலைக்கு மேலே இருக்கிறது.

அது சரிப்படாதென்றால் வீடு தூக்குகிற மேஸ்திரி நம்பர் அப்பாவிடம் இருக்கிறது, இன்றைக்கே பேசு. அதையும் தூக்கிவிட்டால் தண்ணீர் அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் கணக்குப் போட்டு அனுப்பு, அதுதானே உன் வேலை.

நோய்நொடி இல்லாமல் மூவரும் நூறு வயது இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. மருமகளை இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல், ஒளித்து வைக்காதே.

இப்படிக்கு,
தையல்காரம்மாவின் இப்போதைய ஓனர்,
உன் அம்மா