முக்கால் என்றொரு இயங்குதளம்

ஜூன் 3
அக்காவின் பிரிண்டிங் கடையில் இருக்கும் மூன்று கணினிகளும் போட்டி போட்டுக்கொண்டு தூங்குகின்றன. இன்று பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வந்தவர், கணினி கண் விழிப்பதற்குள் எதிர்க்கடையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். மாதக் கடைசியில் மூன்றையும் பழைய இரும்புக்குப் போடப் போகிறாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? லினக்ஸை அடியில் வைத்து, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள்களில் தேவையானதை மட்டும் கோத்து, இந்தக் கடைக்கென்றே லேசாக ஒரு இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எதைடி முழுசா முடிச்சிருக்க?"

கோபம் வந்தது. பாதியில் விட்டவைதான் வரிசையாக ஞாபகம் வந்தன: நீச்சல் வகுப்பு, கிதார், ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர். என்னத்தைச் சொல்ல?

ஜூன் 5
இருப்பதிலேயே மந்தமான கணினியைக் கொடுத்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்தாயிற்று.

ஜூன் 8
கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்குகிறது. இப்போதைக்கு என் இயங்குதளம் இவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்து ரிப்பேரா என்று கேட்டாள். இல்லையம்மா, நான் செய்தது என்றேன். பரிதாபப்பட்டு காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 12
திரையில் படம் வந்துவிட்டது! மவுஸ் அசைகிறது, பெட்டிகள் திறக்கின்றன. இன்று முழுக்கக் களையெடுப்பு. நிரல்களை ஒவ்வொன்றாக நீக்குகிறேன், ஏதாவது அலறுகிறதா என்று பார்க்கிறேன். அலறாவிட்டால் அது தண்டச்சோறு. ப்ளூடூத் போனது. பின்னணியில் ஓடிய பெயர் தெரியாத ஆசாமிகளும் போனார்கள். அலமாரியை ஒழித்த மாதிரி சுகமாக இருக்கிறது.

ஜூன் 13
அத்தான் பெயர் வைத்தார்: முக்கால். எப்படியும் முக்கால்வாசியில் விட்டுவிடுவேனாம், பெயராவது பொருத்தமாக இருக்கட்டுமாம். சிரித்துத் தொலைத்தேன். அதையே வைத்தும்விட்டேன்.

ஜூன் 17
பொத்தானை அழுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை தயார்!!

ஜூன் 20
கடையில் போட்டுக் காட்டினேன். கணினி சட்டென்று எழுந்தது. பிரிண்ட் எடுக்க வந்த ஒருவருடைய விண்ணப்பம் உடனே திறந்தது. அக்காவின் புருவம் லேசாக உயர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். சரி, பிரிண்ட் கொடு என்றாள்.

கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

பிரிண்டர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே முக்காலுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது, அலற ஆளில்லை, பிரிண்டரை இயக்கும் நிரலையும் தண்டச்சோறு என்று துரத்தியிருக்கிறேன். பிரிண்டிங் கடைக்கு பிரிண்ட் எடுக்கத் தெரியாத இயங்குதளம்! அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். வந்தவர் எதிர்க்கடைக்குப் போனார்.

அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி விடு" என்றாள்.

விடு. நான் எப்போதும் விடுகிற இடம் இதுதான். விட்டுவிடலாமா? — போடி, மாட்டேன்.

ஜூன் 21
காலையிலிருந்து பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். துரத்தியவர்களில் வேண்டியவர்களை மட்டும் கெஞ்சிக் கூப்பிட்டு உள்ளே விட்டேன். சாப்பாடும் கடையிலேயே. சாயங்காலம் பிரிண்டர் உறுமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. வரிசையாக 'அ அ அ அ'. அவ்வளவுதான் இருந்தது அதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது, லூசு மாதிரி.

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எழுத்து வெட்டுப்படுகிறது என்றாள்.

ஜூன் 22
ஓரம் சரி.

ஜூன் 30
மூன்று கணினியிலும் முக்கால். பழைய இரும்புக்காரர் வந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள்.

ஜூலை 9
பத்து நாளாக ஒரு கோளாறும் இல்லை. இனிமேல் என்ன? கடைக்குப் போய் பெருமையாகச் சொன்னேன், எல்லாம் முடிந்தது என்று.

"முடிஞ்சிருச்சா? யாரு சொன்னா?"

எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமாம். ஸ்கேன் செய்தால் படம் நேராக அதற்கான ஃபோல்டருக்குப் போய் உட்கார வேண்டுமாம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். பக்கத்து டெய்லர் கடைக்கும் நாளைக்கே போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாளாம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

என்னால் முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? நீதான் எதையும் பாதியில விட மாட்டியே."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் பாட்டுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.