நிறம் பார்த்து அடுக்கிய பெட்டிகள்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தையின் ஆசிகள். போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை. தொழில் நடத்தப் புறப்பட்டவள் தேதி போடாமல் எழுதலாமா? போனில் பேசினால் தீர்ந்தது என்பாய். போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது, பாதி விழுங்கிவிடுகிறது.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த பன்னிரண்டு முக்காலிகளையும் நீங்கள் வண்டியில் ஏற்றிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. பல்கலைக்கழகக் கண்காட்சியில் என்ன சொன்னார்கள்? நூலகத்தார் நாற்பது முக்காலி கேட்டார்களா? அது கிடைத்தால்தான் உங்கள் தொழில் நிற்கும், இல்லாவிட்டால் கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்லிவிடுவார்கள் என்றாயே. மாமாவின் கார் நின்ற கொட்டகைக்குள் ஊர்ப் பிளாஸ்டிக் குப்பையெல்லாம் வருகிறதே என்று முகம் சுளித்தவள்தான் நான். இப்போது யாராவது ஷாம்பூ பாட்டிலைக் கழுவாமல் எறிந்தால் எனக்குத்தான் கோபம் வருகிறது.

உன் கூட்டாளி சோடாபுட்டிக்குக் காய்ச்சல் விட்டதா? அவனை வெந்நீர் குடிக்கச் சொல்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 9

அன்பு அத்தைக்கு,

தேதி போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி இல்லை அத்தை. நூலகத் தலைவி எங்கள் முக்காலியில் உட்கார்ந்தார். கால் விரிந்து, பலகை இரண்டாகப் பிளந்து, எல்லோர் முன்னாலும் கீழே விழுந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, “பார்க்கப் பளபளன்னு இருக்கு, உள்ள பிஸ்கட் மாதிரி உதிருதேம்மா” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உடைந்த துண்டைப் பார்த்தோம். வேறு வேறு வகைப் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் ஒரு முக்கோணத்துக்குள் அதன் வகையைக் காட்டும் எண் இருக்கும். ஒரே எண் உள்ளவற்றை ஒன்றாக உருக்கினால்தான் ஒட்டிப் பிடிக்கும். கலந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பிரிப்பது சோடாபுட்டியின் வேலை. காய்ச்சலில் படுப்பதற்கு முன்பே முடித்துவிட்டதாகச் சொன்னான். நான் வந்து திறந்தபோது வெள்ளை ஒரு பெட்டி, நீலம் ஒரு பெட்டி என்று அழகாக இருந்தது. எண் பார்த்துப் பிரித்து, அதற்குள் நிறமும் பிரித்திருக்கிறான் என்று நம்பி உருக்கிவிட்டேன். இப்போது கேட்டால், “நான் நம்பர் பார்த்துதான் பிரிச்சேன். கலர் கலரா அடுக்க நான் என்ன வளையல் கடையா வெச்சிருக்கேன்?” என்கிறான்.

அவன் படுத்திருந்த வாரம் கொட்டகைக்குள் யாராவது போனார்களா அத்தை? யோசித்துச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம்.

உங்கள் வாயாடி


மார்ச் 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அந்த அம்மாளின் கை குணமாகிவிட்டதா என்று விசாரித்து எழுது.

நீ கேட்டதற்குப் பதில்: கொட்டகைச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வெளியாள் ஒருவரும் உள்ளே வரவில்லை.

தெருக் குழாயைச் சரி செய்கிறேன் என்று வாசலைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆள்கள் போய்விட்டார்கள். இரண்டு முறை புகார் எழுதினேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 20

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அவன் முன்னாலேயே வாசித்தேன். “அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?” என்று கேட்டான். “எங்க அத்தை ஒரு கமாவைக்கூடத் தப்பா போட மாட்டாங்கடா” என்றேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டிக்கொண்டான், போய்விட்டான். முதல் வருஷத்திலிருந்து என் கூடவே இருந்தவன்.

நூலகத்தார் வேண்டாமென்று எழுதிவிட்டார்கள். தொழிலில் கூட இருந்த சிநேகிதிகள் இரண்டு பேரும் பரீட்சை என்று ஒதுங்குகிறார்கள். அவன் ஒப்புக்கொண்டிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்கலாம். அதுதான் மனசுக்கு ஆறவில்லை. நீங்கள் ஒருத்தராவது ஒளிக்காமல் பேசுகிறீர்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

இதற்கு இடையில் நீ எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று சோடாபுட்டி தன் கையுறைகளை எடுத்துப்போக வந்தான். வாசற்படி ஏறவில்லை. “உங்க இடத்துக்கும் சேர்த்துக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேம்மா. காய்ச்சல் மயக்கத்துல நான்தான் கலந்துட்டேன் போல” என்றான். செய்யாததைச் செய்ததாக அவனே நம்பத் தொடங்கிவிட்டான். அவனை உள்ளே வா என்றுகூடக் கூப்பிடாமல் கையுறைகளைக் கொடுத்தனுப்பினேன்.

அடுக்கியது நான்.

அவன் படுத்திருந்த வாரம் கொட்டகை ஜன்னலைச் சாத்தப் போனேன். வெள்ளையும் பச்சையும் சிவப்பும் ஒரே பெட்டியில் கிடந்தன. என் கண்ணுக்கு அது அலங்கோலமாகப் பட்டது. மூன்று பகல் உட்கார்ந்து ஒட்டுத்தாள்களை உரித்து, நிறம் நிறமாகப் பிரித்து வைத்தேன். அடியில் இருந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. நீ திறந்து, “பாருங்க அத்தை, பய எவ்வளவு நீட்டா வெச்சிருக்கான்” என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தேன்.

‘வெளியாள் ஒருவரும் உள்ளே வரவில்லை’ என்பதில் பொய் இல்லை. இரண்டு நாள் யோசித்து அந்த வாக்கியத்தை அமைத்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பத்து வருஷம் படித்த படிப்பு அதற்கு உதவியது. எழுபத்தோரு வயதில், ஒரு சின்னப் பெண்ணிடம் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். வேறு தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தக் கடிதத்தை அவன் முன்னால் வாசித்தாய். இதையும் வாசி.

அத்தை


ஜூன் 16

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வாசித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னான். “மூணு நாளா? முதுகு விட்டுப்போயிருக்குமே அம்மாவுக்கு” என்றான். உங்கள் மேல் அவனுக்குக் கோபமில்லை. என்னைப் பார்த்துத்தான், “நீ ஒரு தடவைகூட என்னை நம்பலாம்னு நினைக்கலல்ல?” என்று கேட்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றான். வேலைக்குத் திரும்ப மாட்டானாம். வேறு குழுவில் சேர்ந்துவிட்டான்.

நீங்கள் அடுக்கியதற்கு நான் கோபப்பட்டிருக்க மாட்டேன் அத்தை. மார்ச்சில் சொல்லியிருந்தால் நாம் மூன்று பேரும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்திருப்போம். அவன் உங்களை ஒரு வருஷம் கேலி செய்திருப்பான்.

பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரத்தைப் பல்கலைக்கழகத்து இளைய மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியோடு வருவேன். சாவியைப் பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் கொடுத்துவைத்தால் போதும். உங்களைப் பார்த்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். அப்படிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் அண்ணன் மகள்


ஜூன் 20

அன்புள்ள வாயாடிக்கு,

சாவி தையற்காரரிடம் இருக்கிறது. ஞாயிறு பத்திலிருந்து ஒரு மணி வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

வாசலில் தோண்டிய குழியை இன்னும் மூடவில்லை. வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவரச் சொல். கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த உடையாத முக்காலிகள் பதினொன்றும் இடது ஓரம் இருக்கின்றன. மீதிப் பெட்டிகள் நீ விட்டுப்போன இடத்தில்தான் கிடக்கின்றன. தூசி படிந்திருக்கும்.

நான் எதையும் தொடவில்லை.

அத்தை